அந்தத் துப்பாக்கி சுடாது, பார்க்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சிறுவர் பக்கத்தில் வலது மூலையில் ஒரு துணுக்கு வந்திருந்தது. நாலே வரி. 1990-களில் டிவியில் வாத்து சுடும் வீடியோ கேம் இருந்ததாம். அதன் துப்பாக்கியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் பாய்ந்து, டிவியில் பறக்கும் வாத்தைத் தாக்குமாம். பக்கத்தில் ஒரு படம். துப்பாக்கி முனையிலிருந்து டிவி வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு, அதன் நுனியில் அம்புக்குறி.

ஐயா, அந்த அம்புக்குறி தலைகீழாக இருக்கிறது. அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போகாது. டிவியின் வெளிச்சம்தான் துப்பாக்கிக்குள் போகும். அது சுடுகிற சாமான் இல்லை, பார்க்கிற சாமான்.

நாலு வரித் துணுக்குக்கு இவ்வளவு நீளக் கடிதமா என்று வீட்டுக்காரம்மா கேட்டுவிட்டார். நான் போடிநாயக்கனூரில் 34 வருடம் டிவி மெக்கானிக்காக இருந்தவன். 1993-லிருந்து ஆறு வருடம், கடையின் முன்பாதியில் வீடியோ கேம் வாடகைக்கு விட்டேன். அந்தத் துப்பாக்கியை எத்தனையோ முறை பிரித்து மாட்டியிருக்கிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்கள் துணுக்கில் வந்த இதே பொய்யை அப்போது நானும் பையன்களிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் எனக்கு இதில் கொஞ்சம் கடன் பாக்கி.

முதலில், கோயம்புத்தூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் என் பேரன். பதினொரு வயது. துணுக்கைச் சத்தமாகப் படித்துவிட்டு, "தாத்தா, இது உங்ககிட்ட இருக்குன்னு அம்மா சொன்னாங்களே?" என்றான். இருந்தது. பரணில், பழைய தீபாவளிப் பட்டாசுப் பெட்டிக்குள், கேம் பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், துப்பாக்கி, ஆறேழு கேசட், எல்லாம் பாம்புக் குட்டிகள் மாதிரி ஒயர் பின்னிக் கிடந்தன. கேசட்டின் பித்தளைப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். அடாப்டர் செத்திருந்தது, வேறு போட்டேன். ஹாலில் இருக்கும் 43 அங்குல எல்.இ.டி. டிவியின் பின்னால் மஞ்சள் முனையைச் செருகியதும் படம் வந்துவிட்டது. முப்பது வருடம் கழித்து! எனக்கே நம்ப முடியவில்லை.

ஆனால் துப்பாக்கி வேலை செய்யவில்லை. பேரன் சுடுகிறான், திரை ஒரு கணம் கறுத்து மீள்கிறது, வாத்து பாட்டுக்குப் பறந்து போய்விடுகிறது. புல்லுக்குள்ளிருந்து அந்த நாய் எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது. டிவியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்று சுட்டும் அதே கதைதான்.

"துப்பாக்கி செத்துப்போச்சு தாத்தா."

"துப்பாக்கி சாகலடா. டிவிதான் மாறிப்போச்சு."

இதை அவனுக்குப் புரியவைக்க ஒரு முழு மத்தியானம் ஆனது. அந்த மத்தியானத்தைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கடையில் அப்போது இரண்டு டிவி. ஒன்று 20 அங்குல கறுப்பு வெள்ளை சாலிடேர். இன்னொன்று 14 அங்குல கலர். கறுப்பு வெள்ளையில் விளையாட மணிக்கு 5 ரூபாய், கலரில் 8 ரூபாய், துப்பாக்கி வேண்டுமென்றால் 1 ரூபாய் கூட. கேம் பெட்டியை மெட்ராஸ் பர்மா பஜாரில் பேரம் பேசி 1,400 ரூபாய்க்கு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1983-ல் விட்ட பேமிகாம் என்ற பெட்டியின் நகல் அது. அசல் எங்கள் யார் கண்ணிலும் பட்டதில்லை. '9999999 இன் 1' என்று அட்டையில் போட்டிருக்கும் கேசட்டைப் போட்டால் உள்ளே பத்துப் பதினைந்து விளையாட்டுதான் இருக்கும், அதையே பேர் மாற்றிப் பேர் மாற்றி அடுக்கியிருப்பான். அதையும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை எண்ணிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்த பையன்கள் உண்டு. வாடகை எனக்குத்தானே, எண்ணட்டும் என்று விட்டுவிடுவேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டம் வரும். ஏலக்காய்க் கடைகளில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகும் பையன்கள் ஆறு மணிக்கு மேல் வருவார்கள். அவர்கள் கை பட்டுப் பட்டுத் துப்பாக்கியின் பிடியில் ஏலக்காய் வாசம் ஏறிவிட்டது. பரணிலிருந்து எடுத்தபோது மோந்து பார்த்தேன். எலிப் புழுக்கை வாசம்தான் வந்தது.

துப்பாக்கியை ஒருத்தன் முகத்துக்கு நேரே இன்னொருத்தன் பிடித்து விளையாடுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. அதனால், "டேய், அதுல கதிர் வருது, கண்ணு அவிஞ்சு போகும்" என்று மிரட்டி வைத்திருந்தேன். எனக்கும் அது பொய் என்று முழுதாகத் தெரியாது என்பதுதான் வெட்கம். ரிமோட்டில் கதிர் வருகிறதே, இதிலும் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை செய்கிற சாமானை எதற்குப் பிரிப்பானேன் என்பது மெக்கானிக் புத்தி.

ஏலக்காய்க் கடைப் பையன் ஒருவன், பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும். வாத்து தப்பித்துப் போகும்போதெல்லாம் கோபத்தில் சுவரில் இருக்கும் டியூப் லைட்டைச் சுடுவான். ஒருநாள் வேண்டுமென்றே, வாத்து பறக்கும்போது டியூப் லைட்டைப் பார்த்துச் சுட்டான். குண்டு பல்பைப் பார்த்துச் சுட்டான். எதற்கும் வாத்து விழவில்லை. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அண்ணே, இந்தத் துப்பாக்கில இருந்து கதிர் டிவிக்குள்ள போகுதுன்னு சொன்னீங்களே. போயி வாத்து மேல பட்டுச்சுன்னே வச்சுக்குவோம். பட்டது கேம் பெட்டிக்கு எப்படித் தெரியும்?"

"ஒயர் இருக்குல்ல?"

"அந்த ஒயரு பெட்டியிலருந்து டிவிக்குப் படம் கொண்டு போறதுண்ணே. டிவி எதையும் திருப்பிச் சொல்லாதே?"

எனக்கு வாய் அடைத்துப்போனது. ஆன்டெனா ஓட்டையில் செருகிய ஒரே ஒரு ஒயர். ஆன்டெனா ஒயரில் சிக்னல் ஒரு பக்கம்தான் போகும். கொடைக்கானல் கோபுரத்துக்கு என் டிவி பதில் அனுப்பியதே இல்லை. டிவிக்கு எதிரே சுட்டாலும் உதைத்தாலும் அதைப் பெட்டிக்குச் சொல்ல அதற்கு வழியே கிடையாது. பெட்டியோடு பேசுகிற ஒயர் இன்னொன்று இருக்கிறது, அது துப்பாக்கியின் வாலிலிருந்து வருகிறது. அப்படியானால் சேதி சொல்வது துப்பாக்கிதான். ஐ.டி.ஐ.யில் ரேடியோ டிவி மெக்கானிக் படித்தவன் நான். ஏலக்காய் பொறுக்குகிற பையன் எனக்குப் பாடம் எடுத்தான். அன்றைக்கு அவனுக்கு ஒரு மணி நேரம் இலவசம்.

கடையைச் சாத்தியதும் துப்பாக்கியைப் பிரித்தேன். முனையில் பிளாஸ்டிக் லென்ஸ் ஒன்று. அதற்குப் பின்னால் ஒளியைப் பார்த்தால் கரண்ட் விடும் சின்னச் சில்லு ஒன்று. பிறகு பொரிகடலை அளவில் கண்டன்சர்களும் ஒரு சுருளும் வைத்த தட்டு. பல்பு இல்லை, கதிர் விடும் எதுவும் இல்லை. கேமராவுக்குப் பிடியும் விசையும் வைத்த மாதிரி இருந்தது.

சரி, பார்க்கிறது என்று தெரிந்துவிட்டது. எதைப் பார்க்கிறது? வாத்தையா? ஒரு சில்லுக்கு வாத்துக்கும் வானத்துக்கும் வித்தியாசம் தெரியுமா? கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விட ஒரு வீடியோ டெக் வைத்திருந்தேன். கேம் பெட்டியின் ஒயரை டெக்கில் செருகி, நானே சுட்டுச் சுட்டு ஒரு பழைய கேசட்டில் பதிவு செய்தேன். அப்புறம் ஓடவிட்டு, சுடுகிற இடத்தில் பாஸ் பட்டனை அமுக்கினேன். பத்து இருபது தடவை தவறிப்போன பிறகு ஒன்று மாட்டியது. திரை முழுக்கக் கறுப்பு. ஒரு அடி முன்னால் நகர்த்தினேன். கறுப்புத் திரையில், வாத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம். வாத்தே இல்லை! அந்த நேரத்தில் கடையில் எனக்குத் துணை ஒரு பல்லிதான். இல்லையென்றால் கத்தியிருப்பேன்.

தந்திரம் இதுதான். விசையை அமுக்கியதும் கேம் பெட்டி ஒரே ஒரு படம் முழுக் கறுப்பாக அனுப்புகிறது. அடுத்த படத்தில் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம், மீதியெல்லாம் கறுப்பு. துப்பாக்கி வாத்துக்கு நேராக இருந்தால் அதன் கண்ணுக்கு முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம். "இப்ப இருட்டு, இப்ப வெளிச்சம்" என்று அது ஒயர் வழியே பெட்டிக்குச் சொன்னால் வாத்து விழும். இரண்டு வாத்து பறந்தால், முதலில் ஒன்றுக்குக் கட்டம், அடுத்த படத்தில் இன்னொன்றுக்குக் கட்டம். எந்தப் படத்தில் வெளிச்சம் பார்த்ததோ அந்த வாத்து. எல்லாமே நொடியில் 50-ல் இரண்டு மூன்று பங்குக்குள் முடிந்துவிடும். நம் கண்ணுக்குத் திரை ஒரு தரம் சிமிட்டுவது போலத் தெரியும், அவ்வளவுதான். டியூப் லைட்டைச் சுட்டால் ஏன் விழவில்லை என்பதற்கும் பாதிப் பதில் இதில் இருக்கிறது. கறுப்புப் படம் வரும்போதும் டியூப் லைட் எரிந்துகொண்டுதானே இருக்கிறது? பெட்டி, இது ஏமாற்று வேலை என்று தள்ளிவிடும். அந்தச் சிரிக்கிற நாயை ஏன் சுடவே முடியவில்லை என்று ஊர்ப் பையன்கள் எல்லாரும் கேட்பார்கள். நாய்க்கு யாரும் வெள்ளைக் கட்டம் போடவில்லை. அதனால்தான் அதற்கு அவ்வளவு திமிர்.

பதிவு செய்த கேசட்டை ஓடவிட்டு, டிவியை நோக்கிச் சுட்டும் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெக்கில் ஓடுகிற வாத்து எப்படிச் சாகும்? ராத்திரி பதினொரு மணிக்கு மனுஷனுக்கு மூளை அவ்வளவுதான் வேலை செய்யும்.

மறுநாள் அந்தப் பையனிடம் சொன்னேன். "அப்ப டியூப் லைட்டை அணைச்சு அணைச்சுப் போட்டா?" என்று கேட்டான். சுவிட்சை அவ்வளவு வேகமாகப் போட முடியாது என்றேன். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அந்தக் கால சோக் வைத்த டியூப் லைட் உண்மையிலேயே நொடிக்கு 100 தடவை சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது, கரண்ட்டின் 50 சுற்றுக்கு ஏற்ப. தற்செயலாகக் கறுப்புப் படத்தின்போது மங்கி, வெள்ளைக் கட்டத்தின்போது பளிச்சென்று எரிந்தால் துப்பாக்கி ஏமாறாதா? ஏமாறாது. அந்தச் சுருளும் கண்டன்சரும் அதற்குத்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் இரண்டு வருடம் ஆனது.

பழைய பிக்சர் டியூப் டிவி எப்படிப் படம் போடுகிறது என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. முழுப் படமும் ஒரே நேரத்தில் திரையில் இருப்பதில்லை. பின்கழுத்திலிருந்து எலக்ட்ரான் கற்றை ஒன்று கிளம்பி, கண்ணாடியின் உள்பக்கம் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சில் புள்ளியாகப் படும். பட்ட இடம் ஒளிர்ந்து உடனே மங்கும். அந்தப் புள்ளி இடமிருந்து வலம் ஒரு கோடு, கீழே இறங்கி இன்னொரு கோடு என்று, வாசலில் சாணி தெளிக்கிற மாதிரி வரிசையாக ஓடுகிறது. முழு டிவியும் நம் கண் கட்டிக்கொள்கிற கோட்டைதான். பழைய சினிமாவில் நடிகர் டிவி பார்க்கும் காட்சி வந்தால், அந்த டிவித் திரையில் கறுப்புப் பட்டை ஒன்று உருண்டுகொண்டே போகும், கவனித்திருக்கிறீர்களா? சினிமா கேமரா நொடிக்கு 24 படம் எடுக்கிறது, டிவி வேறு கணக்கில் ஓடுகிறது. புள்ளி இன்னும் வந்து சேராத இடம் கேமராவிடம் மாட்டிக்கொள்கிறது.

நம் நாட்டு பிக்சர் டியூப் டிவியில் ஒரு படத்துக்கு 625 கோடு, நொடிக்கு 25 படம் (ஒரு படத்தை இரண்டு தவணையாகப் போடும், அதனால் திரையைத் துடைப்பது நொடிக்கு 50 தடவை). 625-ஐ 25-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 15,625. ஒரு நொடியில் அந்தப் புள்ளி அத்தனை தடவை குறுக்கே ஓடுகிறது. வெள்ளைக் கட்டத்துக்கு நேரே பிடித்த துப்பாக்கிக்கு, வெளிச்சம் தொடர்ச்சியாகத் தெரியாது. கோடு, கோடு, கோடு என்று நொடிக்குச் சுமார் 15 ஆயிரம் என்ற கதியில் துடிப்புத் துடிப்பாகத்தான் தெரியும். துப்பாக்கிக்குள் இருக்கும் சுற்று அந்தத் துடிப்பை மட்டும் உள்ளே விடும். நூறு தடவை சிமிட்டுகிற டியூப் லைட்டும், சிமிட்டாத வெயிலும் வாசலோடு சரி.

எல்.இ.டி. டிவியில் பேரனுக்கு ஏன் வாத்து விழவில்லை என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். அதில் ஓடும் புள்ளி கிடையாது. ஒரு படம் வந்தால் அடுத்தது வரும்வரை அப்படியே நிற்கும், வெளிச்சம் பின்னாலிருந்து சீராக வரும். 15 ஆயிரம் துடிப்பை எதிர்பார்க்கும் துப்பாக்கிக்கு அது இன்னொரு டியூப் லைட். போதாக்குறைக்கு, புது டிவி வந்த படத்தை உடனே காட்டாது. வாங்கி வைத்து, பெரிதாக்கி, மெருகேற்றி, பிறகுதான் திரைக்கு அனுப்பும். கேம் பெட்டி "வெள்ளை தெரியுதா?" என்று கேட்கும் நேரத்தில் டிவி இன்னும் பழைய படத்திலேயே இருக்கிறது.  பெட்டிக்கு டிவியோடு இரண்டாம் பேச்சுப் பேச வழியில்லை. அது அனுப்பிய படம் அந்தக் கணமே கண்ணாடியில் தெரியும் என்ற நம்பிக்கையில் செய்த சாமான் அது.

இந்த 25, 50 கணக்கால் எனக்கு இன்னொரு சந்தேகமும் தீர்ந்தது. பேரன் போனில் அதே பழைய மாரியோ விளையாடுகிறான். பாட்டு ஏதோ அவசரமாக ஓடுகிற மாதிரி எனக்கு இருந்தது. வயசாகிவிட்டது, அதனால்தான் என்று நினைத்தேன். இல்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அந்தக் கால டிவி நொடிக்கு 60 தடவை திரையைத் துடைக்கும். அந்த 60-ஐ வைத்து எழுதிய விளையாட்டு அது. நம் ஊருக்கு வந்த நகல் பெட்டி 50-ல் ஓடியது. ஆறில் ஒரு பங்கு மெதுவான மாரியோவைத்தான் நாங்கள் அசல் என்று நினைத்து வளர்ந்திருக்கிறோம். வேகம் கூடினாலும் மேகமும் புதரும் மாறவில்லை. இரண்டும் ஒரே படம்தான், நிறம்தான் வேறு. 40 கிலோபைட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும் என்றால் வேறென்ன செய்வது? நம் வீட்டில் பழைய சேலையைத் தலையணை உறையாகத் தைப்பதில்லையா?

ரிமோட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் துணுக்கு எழுதியவரும் என்னைப் போல ரிமோட்டை வைத்துத்தான் குழம்பியிருக்க வேண்டும். ரிமோட்டில் நிஜமாகவே கதிர் வருகிறது. அகச்சிவப்பு. சந்தேகம் இருந்தால் போனின் செல்பி கேமராவுக்கு நேரே ரிமோட்டைப் பிடித்து ஒரு பட்டனை அமுக்கிப் பாருங்கள், முனையில் ஊதா நிறத்தில் மினுக்கும். ரிமோட் செத்ததா செல் தீர்ந்ததா என்று நாங்கள் பார்ப்பது இப்படித்தான். அந்தக் கதிரும் பெரும்பாலான டிவிகளில் நொடிக்குச் சுமார் 38 ஆயிரம் தடவை துடிக்கும். டிவியின் கண் அந்தத் துடிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வெயிலையும் டியூப் லைட்டையும் விட்டுவிடும். துப்பாக்கியில் இருக்கும் அதே சூட்சுமம், ஆள் மட்டும் இடம் மாறியிருக்கிறார்கள். ரிமோட் பேசும், டிவி பார்க்கும். இங்கே டிவி பேசும், துப்பாக்கி பார்க்கும்.

பேமிகாம் செய்த அதே நின்டெண்டோ கம்பெனி 2006-ல் வீ (Wii) என்று ஒரு கேம் பெட்டி விட்டது. அதற்கு டிவியின் மேல் வைக்க ஒரு பட்டை கொடுத்தார்கள், பேர் 'சென்சார் பார்'. அந்தப் பட்டை எதையும் உணராது. அதில் இருப்பது அகச்சிவப்பு விளக்குகள் மட்டும். கண் கையில் பிடிக்கும் ரிமோட்டில் இருக்கிறது. பட்டைக்குப் பதில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றி வைத்தாலும் வேலை செய்யும். செய்த கம்பெனியே பேரைத் தலைகீழாக வைத்தால், துணுக்கு எழுதுபவரை நான் என்ன சொல்ல?

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருப்பதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. நின்டெண்டோ 1889-ல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்ய ஆரம்பித்த கம்பெனி. 1970-ல் அவர்கள் ஒரு பொம்மைத் துப்பாக்கி விட்டார்கள். அதில் நிஜமாகவே வெளிச்சம் பாயும்! எதிரே இருக்கும் பொம்மைப் பாட்டிலில் சூரிய மின்கலம் ஒன்று இருக்கும், வெளிச்சம் பட்டால் பாட்டில் தெறித்து விழும். சூரிய மின்கலம் விற்க ஷார்ப் கம்பெனியிலிருந்து வந்த மசாயுகி உவேமுரா என்பவர், பிறகு நின்டெண்டோவிலேயே சேர்ந்து, எங்கள் பெட்டியின் மூலமான பேமிகாமை வடிவமைத்தார். 2021-ல் காலமானார். ஆக 1970 துப்பாக்கியைப் பற்றி எழுதியிருந்தால் உங்கள் அம்புக்குறி சரி. அதற்கும் முன்னால், 1950-களில் அமெரிக்க விமானப்படையின் ராடார் அறைகளில் துப்பாக்கி வடிவ ஒளிக்கருவி ஒன்று இருந்தது. திரையில் தெரியும் புள்ளிக்கு நேரே அதைப் பிடித்து விசையை அமுக்கினால், எந்தப் புள்ளி என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். எங்கள் வாத்துத் துப்பாக்கிக்கு அதுதான் பாட்டன்.

பார்ப்பதை வீசுவதாக நினைப்பது நம் பேச்சிலேயே இருக்கிறது. 'பார்வை வீசினாள்' என்கிறோம். முறைத்தால் 'கண்ணாலேயே சுட்டுவிட்டான்' என்கிறோம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று பூசணிக்காய் உடைக்கிறோம். பழைய கிரேக்கர்களில் யூக்ளிட் போன்றவர்களும், நம் நாட்டில் நியாயம் என்ற தத்துவப் பிரிவுக்காரர்களும், கண்ணிலிருந்து கதிர் வெளியே போய்ப் பொருளைத் தொடுகிறது என்றுதான் வாதாடினார்கள். பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோவில் இருந்த இபின் அல் ஹைதம் என்ற அறிஞர், சூரியனைப் பார்த்தால் கண் ஏன் வலிக்கிறது என்று யோசித்து, வெளிச்சம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது என்று விரிவாக எழுதி வைத்தார். அவ்வளவு பெரியவர்களே குழம்பிய விஷயத்தில், ஏலக்காய்க் கடைப் பையன் ஒருவன் ஒயர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தே கண்டுபிடித்துவிட்டான். அவன் இப்போது எங்கே இருக்கிறானோ. பெயர்கூட எனக்கு மறந்துவிட்டது. 'டியூப் லைட்' என்று கூப்பிட்ட பட்டப்பெயர்தான் நினைவில் நிற்கிறது, அதுவும் அர்த்தம் புரியாமல் வைத்தது.

பேரனுக்கு வாயால் சொன்னது போதவில்லை. வாத்து விழ வேண்டும் என்றான். அதற்குப் பிக்சர் டியூப் டிவி வேண்டும். என் கடையில் கடைசியாகக் கிடந்ததைக் காயலான் கடைக்குப் போட்டு ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது. தெருவில் விசாரித்ததில், நாலு வீடு தள்ளி ஒரு அக்கா வீட்டில், 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவி இருந்தது. மேலே மணி பிளான்ட் தொட்டி வைத்திருந்தார். "எடுத்துட்டுப் போங்கண்ணே, ஆனா தொட்டிக்கு ஒரு ஸ்டூல் கொடுத்துட்டுப் போங்க" என்றார். பண்டமாற்று முடிந்தது.

போட்டுப் பார்த்தால் திரை நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. கோடுகளை மேலிருந்து கீழே பரப்பும் வெர்டிகல் ஐ.சி. போயிருந்தது. அந்த ஐ.சி. தேனியில் மூன்றாவது கடையில்தான் கிடைத்தது. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். லைன் பக்கம் இரண்டு இடத்தில் ஈயப் பற்று விட்டிருந்தது, அதையும் சரி செய்தேன். பின்மூடியைக் கழற்றினால் பேரனைப் பத்தடி தள்ளி உட்கார வைத்துவிடுவேன். கலர் டியூபில் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே ஒளிந்திருக்கும். ஒரு தடவை 1987-ல் என்னை அது சுவரில் சாத்தியிருக்கிறது.

நேற்று ராத்திரி டிவி உயிர் பெற்றது. சிவப்பு கொஞ்சம் குறைவு, மற்றபடி பழுதில்லை. பேரன் கண்ணாடிக்கு அருகில் கையைக் கொண்டுபோய், மயிர் சிலிர்ப்பதைப் பார்த்துச் சிரித்தான். முதல் சுற்றில் பத்து வாத்தில் ஏழு விழுந்தது. டியூப் லைட்டையும் ஒரு தடவை சுட்டுப் பார்த்தான், கேட்காமலே.

அப்புறம் காதைப் பொத்திக்கொண்டான். "தாத்தா, உள்ள ஏதோ கீச்சுனு கத்துது. நிறுத்துங்க."

நானும் வீட்டுக்காரம்மாவும் காதைத் தீட்டிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. ஐ.சி.தான் சூடாகிறதோ என்று பயந்து பின்மூடியைக் கழற்றி, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அது பழுது இல்லை. டியூபுக்கு அந்த 20 ஆயிரம் வோல்ட்டைக் கொடுக்கும் ஈ.எச்.டி. டிரான்ஸ்பார்மர் போடும் விசில். நொடிக்கு 15,625. வேலை பழகும் காலத்தில், தெருவில் போகும்போதே எந்த வீட்டில் டிவி ஓடுகிறது என்று அந்தக் கீச்சை வைத்துச் சொல்லிவிடுவேன். அது காதை விட்டு எப்போது போனது என்று எனக்குத் தெரியவே இல்லை. துப்பாக்கிக்கு இன்னும் அந்தக் கதி தெரிகிறது. பேரனுக்குக் கேட்கிறது. அந்தச் சத்தத்துக்காகவே டிவியை அணைக்கச் சொல்கிறான். வாத்துக்காகப் போடச் சொல்கிறான்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், புதிதாகப் படம் வரைய வேண்டாம். அந்தச் சிவப்புக் கோட்டின் அம்புக்குறியை மட்டும் டிவிப் பக்கத்திலிருந்து எடுத்துத் துப்பாக்கிப் பக்கம் போட்டுவிடுங்கள். இடம் இருந்தால், வாத்துக்குப் பதில் ஒரு வெள்ளைக் கட்டம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிவி மெக்கானிக் ஒருவர்,
போடிநாயக்கனூர்.